ஆளில்லாத இலை

இன்னும் ஒன்பது இலை.

அவர் குனிந்தார். ஒரு கரண்டி குழம்பு, இரண்டு துண்டு கறி. நிமிர்ந்தார். வாளிப் பிடி உள்ளங்கையை அறுத்தது.

எட்டு.

கோயில் அசனம். வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே ஒரு பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும். சோறு விழுந்துவிட்டது. கடைசி இலையிலும் குழம்பு விழுந்த பிறகுதான் குருவானவர் ஜெபம் பண்ணுவார். அதுவரை ஒருத்தனும் சோற்றில் கை வைக்கக் கூடாது.

அது தெரிந்துதான் ஞானதிரவியம் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

மூன்று வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காதவன். இன்றைக்கு வெள்ளைச் சட்டை. வரிசையின் நடுவில். அவனுக்கு அந்தப் பக்கத்து இலையில் ஆளில்லை. உட்கார வந்த ரெண்டு பேர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டார்கள்.

"கொதிக்கக் கொதிக்கல்லா கொண்டு வாராரு வேதக்கண்ணு மாமா."

"யாரு தலைக்கோ?"

சிரித்தார்கள். மெதுவாகத்தான். அவர் காதில் விழட்டும் என்றுதான்.

ஆறு.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் கோயிலில் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று பேர். தடை சொல்ல ஆள் உண்டா என்று கேட்பார்கள். முறைக்குக் கேட்பதுதான். அந்தக் கோயிலில் எழுந்து சொன்னவன் கிடையாது.

அவர் மகளுக்கு மூன்றாம் ஓலை வாசித்தபோது இவன் எழுந்தான்.

பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்றான்.

கடைசிப் பாட்டு முடியுமுன் மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிவிட்டார்கள்.

வேலித் தகராறு ஒன்று இருந்தது. ஒரு முழ நிலம். அதற்காக.

வலிப்பு வந்தது நிஜம். நாலு வயதில், காய்ச்சலில், ஒரே ஒரு தடவை. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் இவன்தான்.

அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

ஐந்து.

பகைவனை நேசி என்று மைக்கில் சொல்வது லேசு. மைக்குக்கு மகள் கிடையாது. அன்பு, அன்பு என்று எவனாவது சொன்னால் அவர் முதலில் அவன் கையைப் பார்ப்பார். கையில் என்ன வைத்திருக்கிறான் என்று.

இன்றைக்கு அவர் கையில் கொதிக்கிற குழம்பு.

நாலு.

அடிக்க வேண்டாம். ஏச வேண்டாம். அவன் இலையைத் தாண்டிப் போனால் போதும். பந்தியில் குழம்பு விழாதவன் எழுந்துதான் ஆக வேண்டும். இருநூறு பேர் பார்க்க. அதற்குப் பிறகு அவனுக்கு இந்த ஊர் இல்லை.

அவன் செய்ததற்கு அது குறைச்சல்தான்.

எதிரே பெண்கள் வரிசை. அங்கே குழம்பு முன்னமே போயிருந்தது. மகள் மடியில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்திருந்தாள். முப்பத்திரண்டு வயது. ஊற்று என்றும் இல்லை, தாண்டு என்றும் இல்லை அந்தப் பார்வையில்.

நொந்தவள் அவள். அவளைக் கேட்காமல் விட்டுக்கொடுக்க நான் யார்?

ரெண்டு. ஒன்று.

வந்துவிட்டார்.

ஞானதிரவியம் நிமிரவில்லை. இரண்டு கையையும் விரித்து இலையை மூடிக்கொண்டான். தாண்டிப் போயிரும்வே என்று அவனே சொல்கிற மாதிரி.

கரண்டி நிறைந்து அந்தரத்தில் நின்றது.

ஒரு சொட்டு அவன் புறங்கையில் விழுந்தது. கை நகரவில்லை.

சளசளப்பு அடங்கிவிட்டது. எங்கோ ஒரு கைக்குழந்தை பசிக்கு அழுதது.

மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். தோல் உரிந்துவிடும். வயசாளி, கை தவறிவிட்டது என்பார்கள்.

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். புறங்கைத் தோல் சுருங்கிக் கிடந்தது. அவனும் கிழவனாகிவிட்டான்.

"கைய எடும்வே. சுடும்."

எடுத்தான்.

குழம்பு விழுந்தது. கூடவே ஒரு நல்லி எலும்பு. நல்லி விழும் என்று அவர் நினைக்கவில்லை. போட்டதை எடுக்கவா முடியும்?

நகர்ந்தார்.

அடுத்தது ஆளில்லாத இலை. தண்ணீர் தெளித்தது தெளித்தபடி வெறுமனே கிடந்தது. ஒருத்தனை ஒதுக்கி வைத்துச் சோறு போடுவது நாய்க்குப் போடுவதற்குச் சமம்.

குறைந்த இலைக்கு வைக்க மீதிச் சோற்றுக் கடவப்பெட்டியோடு பின்னால் வந்துகொண்டிருந்த பையன் யோனாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல சோறு வையி."

"ஆளில்லையே மாமா."

"வையிடே."

சோறு விழுந்தது. அவர் ஒரு கரண்டி ஊற்றினார். இரண்டு துண்டு கறி வைத்தார்.

யாருக்கு என்று அவருக்கே தெரியாது. பரிமாறுகிறவன் பந்தி முடிகிறவரை உட்கார முடியாது. வேறு எவனும் வந்து உட்காரப் போவதில்லை. ஞானதிரவியம் அந்த இலையைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

எதிரே ஓர் அசைவு.

மகள் எழுந்துவிட்டாள்.

நிறைந்த இலையை அப்படியே விட்டு எழுந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டாள்.

வீட்டுக்குத்தான். போகட்டும். அவள் நியாயம் அவளுக்கு. வாளியைத் தரையில் வைத்தார்.

செருப்புகள் பந்தல் வாசலில் கிடந்தன.

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆண்கள் வரிசையை நோக்கி வந்தாள்.