பதினோரு திருகாணிகள்

"கை வெச்சே, தெரியும் சேதி! வாரண்டி இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திரையில் வட்டம் சுற்றியது. அடுக்குமாடிக் கட்டடத்தின் வரைபடம் திறக்க ஏழு நிமிடம். தங்கை எண்ணிவிட்டாள்.

"மெமரிய நாமளே மாத்திக்கலாம்க்கா. வாரண்டி புத்தகத்துலயே போட்டிருக்கு. வேற எதையும் உடைக்காம, பழசைப் பத்திரமா வெச்சிருந்தாப் போதும்."

"புத்தகம் ஆயிரம் சொல்லும். திறந்தாப் போச்சு."

"நாளைக்கும் இது இப்படித் தூங்கினா, வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு இன்ஜினியர் சொல்லிட்டாரே?"

"தூங்கினா நான் எழுப்பிக்கிறேன். உன்னுது நல்லா ஓடுதில்ல? போய் அதைப் பாரு."

ஓடத்தான் செய்தது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. அக்காவுடையது விலை கூட, அதில் மெமரி இரண்டு. தங்கையுடையதில் ஒன்றுதான். போன வருடம் வரை ஆமையாக ஊர்ந்தது. ஒரு நாள் அக்கா வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "தூசிடி. தட்டினேன், சரியாயிடுச்சு." அன்றிலிருந்து பறக்கிறது.

'இவளுக்குப் பிடிவாதம்' என்று நினைத்துக்கொண்டாள் தங்கை.

மதியம் அக்கா கண்ணயர்ந்தாள். வெளியே மழை, பெய்வதே தெரியாமல் பெய்தது. தங்கை ஒளித்து வைத்திருந்த புது மெமரியை எடுத்தாள்.

லேப்டாப்பை அணைத்தாள். ஜன்னல் கம்பியைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கினாள். திருகாணிகள் பதினொன்று. குட்டை ஒன்பது, நெட்டை இரண்டு. மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை விலக்கினாள்.

மழை வெளிச்சத்தில் உள்ளே ஒரு ஊர் தெரிந்தது. விமானத்திலிருந்து பார்ப்பது போல. தெருக்கள், வீடுகள், நடுவே ஒரு காலி மனை.

காலி மனையா? மெமரி ஒன்றுதான் இருந்தது!

'கடைக்காரன் ஏமாத்திட்டான். இவளும் பொத்திப் பொத்தி வெச்சிருக்கா, ஏமாளி.'

அலமாரியிலிருந்து அக்காவின் அட்டைப்பெட்டியை இறக்கினாள். 'மெமரி: இரண்டு' என்றே அச்சாகியிருந்தது. உள்ளே வாரண்டி புத்தகம். அதற்குள் மடித்த தாள் ஒன்று.

லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அக்கா தன் கையால் அளவு பிசகாமல் வரைந்திருந்தாள், இரண்டு முறை. கழற்றிய திருகாணிகளை இடம் மாறாமல் குத்தி வைத்த ஓட்டைகள். தங்கை எண்ணினாள். இதில் பதினொன்று, அதில் பதினொன்று.

முதல் படத்தின் கீழே, 'என்னுது. எடுத்தது ஒன்று.'

அடுத்ததில், 'அவளுது. போட்டது ஒன்று.'

தங்கை தாளைப் பழையபடியே மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு காலி மனையில் புது மெமரியை வைத்து அழுத்தினாள். 'டக்'கென்று குடியேறியது.

அக்கா எழுந்து வந்து வரைபடத்தைத் திறந்தாள். வட்டம் ஒரு சுற்று முடிப்பதற்குள் கட்டடம் எழுந்து நின்றது.

"ஏய்! இதுல கை வெச்சியா?"

"சேச்சே! தூசிக்கா. தட்டினேன், சரியாயிடுச்சு."