இழுப்பறைக்குள் ஒரு பெயர்

பதவியை விட்டுப் போகிற செனட்டர் தன் மேசை இழுப்பறைக்குள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போவது அந்தச் சபையின் வழக்கம். நாற்பத்தொரு வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் ஹார்லன் விட்காமுக்குப் போகிற எண்ணமே இல்லை. அடுத்த தேர்தலிலும் நிற்பதாக இன்று அறிவிக்கப் போகிறார். இருமல் மிட்டாய் எடுக்க இழுப்பறையைத் திறந்தவரின் விரலில் மரத்தூள் ஒட்டியது. உள்ளே அவர் பெயர், புதிதாகச் செதுக்கப்பட்டிருந்தது.

"என்ன பெரியவரே, முகம் வெளுத்துப் போச்சு?" என்றார் பக்கத்து மேசை டெல்மர். விட்காம் போனால் அவருடைய கமிட்டித் தலைமை டெல்மருக்குத்தான்.

விட்காம் நிமிரவில்லை. சந்தையில் சொத்தைக் காயைத் தேடுகிறவர் மாதிரி மிட்டாயைப் புரட்டிக்கொண்டே, "இந்தக் காகிதம் பிரிய மாட்டேங்குதப்பா. உன் பேனாக்கத்தியக் குடு," என்றார்.

டெல்மரின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய், அங்கேயே உறைந்தது.

"கத்தியா? என்கிட்ட ஏது?"

சபைத் தலைவர் விட்காமின் பெயரை அழைத்தார். மொத்தச் சபையும் இந்தப் பக்கம் திரும்பியது. விட்காம் மேசையைப் பிடித்து எழுந்தார்.

"கையை வெளிய எடுத்துடாத, டெல்மர்," என்றார் தாழ்ந்த குரலில். "கத்தியில மரத்தூள் ஒட்டியிருக்கும், எல்லாரும் பாக்கறாங்க. நான் பேசி முடிக்கிறவரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."