பாதி மெமரி

"மறுபடியும் ஃபெயிலா?"

"மறுபடியும் ஃபெயில், சார்."

'சார்'னு கூப்பிட்டது வேற யாருமில்லை, அவன் பொண்டாட்டி. அவன் புரோகிராம் எழுதறவன், அவ அதைச் சோதிச்சுப் பார்க்கறவ. ஒரே ஆபீஸ். நடுவுல ஒரு கண்ணாடித் தடுப்பு.

தூக்கத்துல மூச்சு முட்டறவங்களுக்கு மெஷின் செய்யற கம்பெனி அது. மெஷினுக்குள்ள இருக்கற போர்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள நகலா உருவாக்கி, புதுப் புரோகிராமை அதுல ஓட்டிப் பார்க்கணும். நகல் போர்டுக்கு எவ்வளவு மெமரின்னு ஒரு எண்ணைத் தட்டணும். அவ்வளவுதான் வேலை.

அந்த எண்ணுலதான் சண்டை.

"இப்ப விக்கற மெஷின்ல ஐநூத்திப் பன்னெண்டு எம்.பி. இருக்கு. அதுல பாஸ் ஆயிடுச்சில்ல?"

"ஆயிடுச்சு, சார்."

"அப்புறம் எதுக்கு இருநூத்தி அம்பத்தாறு குடுத்து என் புரோகிராம் கழுத்தை நெரிக்கற?"

"பழைய மெஷின்ல அவ்வளவுதான் இருக்கு. அப்டேட் அதுக்கும் தானாப் போகும். மூணு மணி நேரம் ஓடுது, மெமரி தீர்ந்து நின்னுடுது."

"பழசை விக்கறதை நிறுத்தி நாலு வருஷமாச்சு! எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்."

"'போயிருக்கும்'னு எழுத டெஸ்ட் ஃபார்ம்ல இடம் இல்லை, சார்."

பின் சீட்டுல கிசுகிசுப்பு. "வீட்டுச் சண்டைக்கு ஆபீஸ்ல பஞ்சாயத்து ஓடுதுடா!"

அவனுக்குக் காது சிவந்துடுச்சு. சாயங்காலம் அஞ்சுக்குள்ள புரோகிராம் வெளியே போகணும். ஏற்கெனவே ரெண்டு தடவை தேதி தள்ளியாச்சு. மூணாவது தடவையும் தள்ளினா, டீம் லீடர் நாற்காலி பக்கத்து டேபிள்காரனுக்குப் போயிடும்.

விறுவிறுன்னு மேனேஜர் ரூமுக்குப் போனான்.

"பழைய போர்டைச் சோதனையிலேருந்தே எடுத்துடச் சொல்லுங்க, சார். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"கட்டினவன் பேச்சே எடுபடலைன்னா, என் பேச்சு எந்த மூலைக்கு?" மேனேஜர் சிரிச்சுக்கிட்டே அவளைக் கூப்பிட்டார். "என்னம்மா, கம்ப்யூட்டர்ல மெமரி கொட்டிக் கிடக்குது. புருஷனுக்குக் கரண்டியில அளந்து ஊத்தறியே!"

கதவோரம் நின்னவங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சாங்க. அவ சிரிக்கலை.

"எனக்கென்ன சார், ரெண்டாயிரம் கூடத் தட்டிவிடறேன். ஜம்முனு பாஸ் ஆகும். ஆனா நான் இங்க தட்டற மெமரி, அங்க மெஷினுக்குள்ள போய் உக்காராதே."

"சரி, வழவழன்னு வேணாம். அந்தப் பழைய மெஷினை இன்னும் வச்சிருக்கற ஒரே ஒரு ஆளைக் காட்டு. இல்லைன்னா, ஃபார்ம்ல 'பாஸ்'னு கையெழுத்தைப் போட்டுட்டுப் போ."

"அதானே! காட்டச் சொல்லுங்க சார்," அவன் தெம்பாப் பேனாவை நீட்டினான்.

அவ பேனாவை வாங்கலை. அவன் பக்கம் திரும்பினா.

"ஏங்க, வேலைக்குச் சேர்ந்த புதுசுல உங்க அம்மாவுக்கு ஆசையா ஒண்ணு வாங்கிக் குடுத்தீங்களே... அத்தை இன்னும் அதைத்தான் மாட்டிக்கிட்டுத் தூங்கறாங்க."