கொய்யா இலை

புகைப்பவர்கள் நோயில் படுத்தால் நாட்டில் வேலை கெடுகிறதென்று, அரசாங்கம் அவர்கள் இருமலை வேறொருவர் நெஞ்சுக்கு மாற்றிவிட்டது. இருமுவது முகம் தெரியாத யாரோ என்று செல்லையாவும் பீடியை விடவில்லை.

அன்று மட்டும் மனசு கேளாமல் பாதியில் அணைத்தார். வழக்கம்போல் வாடை போகக் கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி பங்கஜம் காபி நீட்டினாள். "இன்னிக்குப் பாதியிலயே அணைச்சிட்டீங்களே!"

"உனக்கெப்படித் தெரியும்?"

"வீட்டு ஆளுங்க விரும்பினா வாங்கிக்கலாம்னாங்க. உங்க இருமலை யாரோ எதுக்குங்க சுமக்கணும்? இனிமேலாவது கொய்யா மரத்த மொட்டையடிக்காதீங்க."

சொல்லிச் சிரித்தாள். இத்தனை நாளாக அவரெதிரில் அடக்கி வைத்திருந்த இருமல், சிரிப்போடு வெடித்து வந்தது.

அவருடைய அதே இருமல்.