குரைத்திருப்பேன்

ஆடு பேசுவது நாய்க்குப் புரியாது, நாய் பேசுவது ஆட்டுக்குப் புரியாது. அதனால் ஒரே கொட்டகையில் இருந்த இரண்டும் இன்டர்லிங்குவா என்ற பொதுமொழியைக் கற்றுக்கொண்டன. அதில் எந்த வினையின் கடைசியிலும் ‘ரேயா’ ஒட்டினால் போதும், ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்வேன்’ என்று ஆகிவிடும். நாய்க்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

“எசமான் கத்தியோட வந்தா என்னடா செய்வே?” என்று ஆடு கேட்டது.

“லத்ரரேயா. ஊரே கூடுற மாதிரி குரைப்பேன்.”

அதை நம்பி ஆடு நிம்மதியாகத் தின்று கொழுத்தது.

ஒரு காலையில் எசமான் கயிறும் கத்தியுமாக வந்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு படுத்தே கிடந்தது.

ஆடு நாயின் பக்கம் திரும்பியது. “குரைப்பேன்னு சொன்னியேடா.”

“இப்பவும் அதேதான் சொல்றேன். அவரு எனக்குச் சோறு போடாதவரா இருந்தா கட்டாயம் குரைச்சிருப்பேன்.”

“அந்த ‘இருந்தா’வை நீ சொல்லவே இல்லையே?”

“நீ கேக்கவே இல்லையே.”

கழுத்தில் கயிறு இறுகியது. ஆட்டால் நம்பவே முடியவில்லை. “வெறும் சோத்துக்காடா?”

நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“சோறு மட்டும் இல்ல. இன்னிக்கு எலும்பும் போடுவாரு.”