சில்லென்ற ஸ்பூன்

ஃபிரிட்ஜில் வைத்திருந்த ஸ்பூனை எடுத்து, சிறுமியின் வீங்கிய இமைகளில் ஒற்றினாள் அவள்.

"ராத்திரி மறுபடியும் அழுதியா குட்டி?"

"அழவே இல்ல."

"அப்புறம் எப்படி கண்ணு இப்படி வீங்கும்? யாராவது பார்த்தா நான்தான் அழ வச்சேன்னு சொல்லுவாங்க."

ஒரு வாரமாகத் தினமும் காலையில் இதே பாடுதான். பள்ளி வேன் வருவதற்குள் வீக்கம் வடிய வேண்டுமே என்று இரண்டு இமைகளிலும் மாற்றி மாற்றி ஒற்றுவாள். இன்று ஷூவும் காலுக்குள் போக மறுத்தது. நேற்றைய சாக்ஸின் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

அழுதால் காலா வீங்கும்?

வேனை அனுப்பிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். "யூரின் நுரையா போகுதா பாப்பா?"

சிறுமி தலையாட்டினாள்.

பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரின் குரல் கடுமையானது. "கிட்னி வழியா புரதம் கசியுது. அதான் உடம்புல நீர் கோத்துக்குது. மருந்துல கட்டுப்படுத்தலாம். ஆனா, கண்ணு வீங்கின அன்னிக்கே வந்திருக்க வேண்டாமா? நீங்கல்லாம் ஒரு அம்மாவா?"

அவள் உடைந்து அழுதாள்.

"இவங்க அப்பாவைக் கட்டிக்கிட்டு இப்பதான் அந்த வீட்டுக்குப் போனேன் டாக்டர். என்னைப் பிடிக்காமத்தான் அழறான்னு நினைச்சு மறைச்சுட்டேன்."

சிறுமி மெல்ல நெருங்கி வந்து, அவள் இமைகளில் விரல்களை ஒற்றினாள்.

"அழாதீங்க சித்தி. யாராவது பார்த்தா நான்தான் அழ வச்சேன்னு சொல்லுவாங்க."