முன்னால் நின்ற பூஜ்யம்

“நீ நல்லா மாட்டிக்கிட்டேம்மா. புகார் கொடுக்க ஆளே நேர்ல வந்தாச்சு,” என்றார் மேனேஜர். “அவர் எழுதிக் கொடுத்துட்டா உன் வேலையை என்னால காப்பாத்த முடியாது.”

அவள் எட்டிப் பார்த்தாள். வரவேற்பறையில் ஒரு பெரியவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

தனியாக வாழும் முதியவர்களை அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர் தினமும் காலையில் போனில் கூப்பிடும். ‘நல்லா இருந்தா ஒண்ணை அமுக்குங்க’ என்று சொல்லும். அவசரத்துக்கு அவள் குரலில் பதிந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த ஊருக்கு வந்து அவள் வாய் திறந்து பேசியது அதுதான் அதிகம்.

போன வாரம் தகவல்களையெல்லாம் கிளவுடுக்கு மாற்றியதும் அவள்தான். எழுத்தாகச் சேமித்திருந்த போன் நம்பர்களை எண்ணாக மாற்றித் தொலைத்துவிட்டாள். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யம் கம்ப்யூட்டருக்கு வெட்டி ஆள், கழற்றி விட்டுவிட்டது. பூஜ்யத்தில் தொடங்கும் லேண்ட்லைன்களுக்கு அழைப்பே போகவில்லை. இன்று காலையில்தான் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தாள்.

இந்த வேலையும் போனால் அவளுக்கு முகம் பார்க்கக்கூட ஆள் கிடையாது.

“ஐயா, மன்னிச்சிடுங்க. தப்பு என்னோடதுதான்.”

பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார். “இன்னொரு தடவை சொல்லு.”

“தப்பு என்னோடது. உங்க நம்பர்ல முன்னால இருந்த பூஜ்யம் விட்டுப்போச்சு. நாளையிலேர்ந்து கண்டிப்பா போன் வரும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டார். “அட, பூஜ்யமா! நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்துட்டேன்.”

“போன் வராம ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

மேனேஜர் பேனாவை நீட்டினார். “புகாரை எழுதிக் கொடுத்துடுங்க சார்.”

“புகாரா? யார் மேல?” பெரியவர் பேனாவைத் தள்ளிவிட்டார். “மெஷின்தான் கூப்பிடுதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா குரல்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு ஆளும் இருக்கணுமில்ல? திடீர்னு நின்னுபோச்சே, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சோன்னுதான் பஸ் மாறி வந்தேன்.”

இந்த ஊரில் அவளைத் தேடி யாரும் வந்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது.

பெரியவர் மேஜைமேல் இருந்த போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நல்லா இருந்தா ஒண்ணை அமுக்கும்மா.”